அலாரம் அடித்தால் யார் வருவது? ஆய்வுக்கூடங்களும் பராமரிப்புத் தொழிலாளர்களும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், டிராய் நகரில் இருக்கிறது ரென்சலேர் பாலிடெக்னிக் கழகம். 2020 செப்டம்பர் 17ஆம் தேதி, அதன் ஆய்வுக்கூடம் ஒன்றைச் சுத்தம் செய்ய வந்த குத்தகைத் தொழிலாளி ஒருவரின் காதில் இடைவிடாத ‘பீப்’ ஒலி விழுந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்த அவர் மின்பெட்டியைத் திறந்து சர்க்கியூட் பிரேக்கரைத் தட்டினார். நின்றுபோன மின்சாரத்தை மீண்டும் கொடுப்பதாகவே அவர் எண்ணினார். உண்மையில், ஓடிக்கொண்டிருந்த குளிர்பெட்டியை அவர் நிறுத்திவிட்டார்.

மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய பெட்டி அது. மறுநாள் ஆய்வாளர்கள் வந்து பார்த்தபோது மைனஸ் 32 டிகிரிக்கு ஏறியிருந்தது. சூரிய ஒளியைத் தாவரங்கள் சக்தியாக மாற்றும் முறையை ஆராய்ந்துவந்த பேராசிரியர் கே.வி.லட்சுமியின் குழுவினர் 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்த மாதிரிகளில் பெரும்பகுதி அழிந்துபோனது என்று, 2023இல் கழகம் தொடுத்த வழக்கில் கூறப்பட்டது. கேட்கப்பட்ட இழப்பீடு 10 லட்சம் டாலருக்கும் மேல்.

‘துப்புரவுப் பணியாளர் சுவிட்சை அணைத்தார், 20 ஆண்டு ஆய்வு பாழ்’ என்ற பாணியில்தான் உலகம் முழுவதும் தலைப்புகள் வந்தன. சமூக ஊடகங்களில் சிரிப்புக்கும் குறைவில்லை. ஆனால், வழக்கு அந்தத் தொழிலாளியின் மீது தொடுக்கப்படவில்லை. அவரை வேலைக்கு அனுப்பிய நிறுவனம் தன் ஆட்களுக்கு முறையான பயிற்சி தரவில்லை என்பதே மனுவின் மையம்.

மனுவில் உள்ள விவரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொரு கதை தெரிகிறது. குளிர்பெட்டியின் அலாரம் செப்டம்பர் 14ஆம் தேதியே அடிக்கத் தொடங்கிவிட்டது. வெப்பநிலை மைனஸ் 78க்கு வந்திருந்தது. பழுதுபார்ப்பவரை அழைத்தார்கள், கோவிட் கட்டுப்பாட்டுக் காலம் என்பதால் ஒரு வாரம் கழித்துத்தான் வர முடியும் என்ற நிலை. மாதிரிகள் அதே பெட்டியில் இருந்தன. பிளக்கை யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று அதைச் சுற்றிப் பூட்டுப் பெட்டி மாட்டினார்கள். கதவில் ஓர் அறிவிப்பும் ஒட்டினார்கள்: பெட்டி பழுதுபார்ப்பில் உள்ளது, நகர்த்தவோ பிளக்கைப் பிடுங்கவோ வேண்டாம், இங்குத் துப்புரவு தேவையில்லை, சத்தத்தை அடக்க வேண்டுமானால் இந்தப் பொத்தானைச் சில விநாடி அழுத்துங்கள்.

எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டவை. ஆனால் பூட்டுப் போட்டது பிளக்குக்கு மட்டுமே. அதே மின்சாரத்தை நிறுத்தக்கூடிய பிரேக்கர் கை எட்டும் தூரத்தில் இருந்தது. ஆலையில் மின்வேலை பார்த்த எவரும் இதை உடனே கேட்பார்கள். தொடக்கூடாத பிரேக்கரில் பூட்டு மாட்டி, பெயரும் தேதியும் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவது அங்கே முதல் பாடம். அதற்கான கருவி ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவில் கிடைக்கும். அதை மாட்ட வேண்டும் என்று ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லக்கூடியவர் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் இருப்பவர். அவருக்கும் ஆய்வாளருக்கும் துப்புரவு நிறுவனத்துக்கும் இடையே அந்த மூன்று நாள்களில் பேச்சு ஏதும் நடந்ததா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

பாதுகாவலராக, துப்புரவாளராக, ஏர்கோன் தொழில்நுட்பராக, மின்பணியாளராக நம் சமூகத்தவர் ஏராளமானோர் வேலை செய்யும் இந்த வட்டாரத்தில் இது ஏதோ அமெரிக்கச் செய்தி என்று தாண்டிப் போக முடியாது. பழி எங்கே போய் விழும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம்.

துப்புரவாளரே இல்லாத இழப்புகள்

கடைநிலைத் தொழிலாளியின் கை படாமலேயே இதைவிடப் பெரிய இழப்புகள் நடந்திருக்கின்றன. அவை அவ்வளவாகப் பேசப்படவில்லை.

கனடாவின் எட்மண்டன் நகரில் உள்ள ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், ஆர்க்டிக் பகுதியில் துளையிட்டு எடுத்த பனித்தூண்கள் புதிய குளிர்அறை ஒன்றில் வைக்கப்பட்டிருந்தன. பல ஆயிரம் ஆண்டுகளாகப் படிந்த பனி அது. பழங்கால வானிலையின் பதிவேடு என்று சொல்லலாம். 2017 ஏப்ரலில் குளிரூட்டி பழுதானது. பழுதான இயந்திரம் சும்மா நிற்காமல் அறைக்குள் வெப்பத்தைத் தள்ள, உள்ளே 40 டிகிரி வரை ஏறியது. கோளாறை எட்ட இருந்து காட்டவேண்டிய கண்காணிப்பு முறையும் அதே நேரத்தில் செயலிழந்திருந்ததால் தகவல் யாருக்கும் போகவில்லை. மொத்தம் 1,400 மீட்டர் பனியில் ஏறத்தாழ 180 மீட்டர் உருகித் தண்ணீராயிற்று. அறை புதிது, கருவி புதிது. எல்லாம் நவீனம் என்ற நம்பிக்கையே அங்கே ஆபத்தாக முடிந்தது.

சுவீடனின் கரோலின்ஸ்கா கழகத்தில் நடந்தது இன்னும் வேதனையானது. 2023 டிசம்பர் 22, 23 தேதிகளில், கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கும் நேரத்தில், 16 உறைகலன்களுக்குப் போகும் திரவ நைட்ரஜன் நின்றுபோனது. மறுநிரப்பல் இல்லாமல் 4 நாள் தாங்கக்கூடிய கலன்கள், 5 நாள் அப்படியே விடப்பட்டன. ரத்தப் புற்றுநோய் நோயாளிகளிடமிருந்து ஏறக்குறைய 30 ஆண்டுகளாகச் சேகரித்த மாதிரிகளும் அவற்றுள் இருந்தன. இழப்பு 50 கோடி குரோனர் இருக்கலாம் என்று செய்திகள் வந்தன. அந்த நோயாளிகள் பலர் இன்று உயிரோடு இல்லை. மாதிரியை மறுபடி யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு நாள் தாமதம். விடுமுறை நாளில் அலாரம் யாருடைய கைப்பேசிக்குப் போகும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்குப் போகும் என்பதுதான் அந்த ஒரு நாளைத் தீர்மானிக்கிறது. தோட்டப்புற ஆலைகளில் நோன்புப் பெருநாளுக்கு நம்மவர்கள் ஷிப்டில் நிற்பதும், தீபாவளிக்கு மலாய் நண்பர்கள் நிற்பதும் பழைய வழக்கம். கொதிகலன் பண்டிகை பார்ப்பதில்லை என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆய்வுக்கூடத்துக் குளிர்கலனும் பார்ப்பதில்லை.

குழாய்க்கு யார் காசு கொடுப்பது?

இங்கிலாந்தின் பிர்பிரைட் சம்பவம் இவற்றிலிருந்து வேறுபட்டது. அங்கே இழப்பு ஆய்வுக்கூடத்தின் சுவருக்குள் நிற்கவில்லை, ஊருக்குள் போனது. சர்ரே வட்டாரத்தில் உள்ள அந்த வளாகத்தில் அரசு ஆதரவு பெற்ற விலங்குநல ஆய்வுக் கழகமும், தடுப்பூசி தயாரிக்கும் மெரியல் என்ற தனியார் நிறுவனமும் அருகருகே இயங்கின. 2007 ஆகஸ்டில் அருகிலிருந்த பண்ணை மாடுகளுக்குக் கோமாரி நோய் வந்தது. அது ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்தும் 1967ஆம் ஆண்டு வகைக் கிருமி என்று கண்டுபிடித்தபோது எல்லாருடைய கண்ணும் வளாகத்தின் பக்கம் திரும்பியது.

விசாரணை நிலத்துக்கடியில் போய் நின்றது. கழிவுநீரைக் கடைசிச் சுத்திகரிப்புக்குக் கொண்டுபோகும் பழைய குழாய்களில் விரிசல். மர வேர்கள் உள்ளே புகுந்திருந்தன. ஆள்நுழைவுக் குழிகளின் மூடிகள் சரியாக அடைக்கப்படவில்லை. அந்த ஜூலையில் பெய்த பெருமழையில் கழிவு மேலே கசிந்து மண்ணோடு கலந்தது. கட்டுமானப் பணிக்காக வந்துபோன லாரிகளின் சக்கரங்களில் ஒட்டிய மண் பண்ணைப் பக்கம் போயிருக்கக் கூடும் என்பதே அதிகாரிகள் வந்தடைந்த முடிவு.

குழாயை மாற்றியாக வேண்டும் என்பது முன்பே தெரிந்த விஷயம். செலவை யார் ஏற்பது என்ற பேச்சுதான் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. 2001இல் இதே நோயால் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொன்ற நாட்டில் இது நடந்தது என்பதை நினைத்தால் அதிர்ச்சி கூடுகிறது. ஆய்வாளர்களின் திறமையில் குறை இல்லை. உலகத் தரமான இடம் அது. ஆனால், புதிய கருவி வாங்கினால் திறப்பு விழா உண்டு, படம் உண்டு. மண்ணுக்கடியில் குழாய் மாற்றினால் யாரும் ரிப்பன் வெட்ட வருவதில்லை. கோயில் கும்பாபிஷேகத்துக்கு நிதி சேர்வதும், கூரை ஒழுகலுக்குச் சேராததும் நமக்கும் பழக்கம்தானே.

நம் வெயிலில் இந்த வேலை

ஆய்வுக்கூடக் கட்டடம் சாதாரண அலுவலகம் போன்றது அன்று. கிருமிகளைக் கையாளும் உயர்பாதுகாப்பு அறைகளில் காற்று எப்போதும் வெளியிலிருந்து உள்ளே இழுக்கப்பட வேண்டும். உள்ளே இருப்பது வடிகட்டியைத் தாண்டாமல் வெளியே போகக் கூடாது. அதற்குக் காரணமான விசிறியும் வடிகட்டியும் கூரைமேல் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்பவர் கூரைமேல் ஏறும் தொழில்நுட்பர். சிங்கப்பூரில் 2003 செப்டம்பரில், சார்ஸ் அலை ஓய்ந்த பிறகு, ஆய்வு மாணவர் ஒருவருக்கு ஆய்வுக்கூடத்திலேயே சார்ஸ் தொற்றியது. அதன் பின்னர் 2005இல் உயிரிக் காரணிகள், நச்சுப் பொருள்களுக்கான சட்டம் இயற்றப்பட்டு, இத்தகைய அறைகளுக்குச் சான்றிதழ் கட்டாயமானது. கட்டடத்தின் நிலையும் பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது.

மலேசிய, சிங்கை தட்பவெப்பம் இந்த வேலையை இன்னும் கடினமாக்குகிறது. மைனஸ் 80 பெட்டி உள்ளே குளிரை வைத்துக்கொண்டு வெப்பத்தை அறைக்குள் கக்கும். பத்துப் பெட்டி உள்ள அறையில் ஏர்கோன் நின்றால், ஒன்றின் வெப்பம் மற்றொன்றைத் திணறடிக்கும், வரிசையாக விழும். பெட்டியின் வடிகட்டியில் தூசி படிந்தாலும் கம்ப்ரசர் திணறும். நம் ஈரக்காற்று கதவின் ரப்பரில் பனியாக உறைந்து, கதவு சரியாக மூடாமல் போகும். இடிமின்னலோடு மின்தடை வந்தால் ஜென்செட் சில விநாடிகளில் ஓட வேண்டும். அது ஓடுமா என்பது, ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் அதை ஓட்டிப் பார்த்தாரா, டீசல் அளவைப் பார்த்தாரா, மின்கலத்தைச் சோதித்தாரா என்பதைப் பொறுத்தது.

வேலை செய்பவரின் உயிரும் இதில் இருக்கிறது. 1 லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். நிறம் இல்லை, மணம் இல்லை. மூடிய அறையில் கசிந்தால் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். உள்ளே போனவர் என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே மயங்கி விழுவார். இரவில் தனியாகக் குப்பை எடுக்கப் போகும் அம்மாவுக்கு, கதவோரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே போகக் கூடாது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? அவர் படிக்கக்கூடிய மொழியில் அறிவிப்பு இருக்கிறதா? டிராய் நகரில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியும் வேலைக்காகவில்லை. நம் நாட்டில் இரவுத் துப்புரவுக்கு வருபவர்களில் தமிழர் உண்டு, மலாய்க்காரர் உண்டு, நேப்பாளத்தவரும் வங்காளதேசத்தவரும் உண்டு.

தோட்டத்துக்குப் புதிது அன்று

விஞ்ஞானமும் நம் மக்களும் சந்தித்துக்கொள்வது இது முதல் முறை அன்று. கோலாலம்பூரின் மருத்துவ ஆய்வுக் கழகம் 1900இல் தொடங்கியது. 1925இல் ரப்பர் ஆய்வுக் கழகம் அமைக்கப்பட்டது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் விரிந்து கிடந்தது. பழைய பால்வெட்டுக்காரர்களிடம் கேட்டால் ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ என்ற மர வகையின் பெயரைத் தூக்கத்திலும் சொல்வார்கள். எந்த மரம் எவ்வளவு பால் கொடுத்தது என்ற கணக்கு, விடியற்காலையில் வெட்டி, எடுத்து, எடைபோட்ட கைகள் இல்லாமல் கிடைத்திருக்காது. ஆய்வறிக்கையில் அந்தக் கைகளுக்குப் பெயர் இல்லை என்பது வேறு விஷயம்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். மலேசியாவில் 1997 முதல் அரசு மருத்துவமனைகளின் பொறியியல் பராமரிப்பு, துப்புரவு போன்ற ஆதரவுச் சேவைகள் தனியார் குத்தகைக்கு விடப்பட்டன. பள்ளி, அலுவலகம், பல்கலைக்கழகம் என்று அந்த முறை பரவலாகிவிட்டது. கட்டடம் ஒருவருடையது, குளிரூட்டி இன்னொருவருடைய பொறுப்பு, துப்புரவு மூன்றாமவருக்கு, பாதுகாவல் நான்காமவருக்கு. ஒவ்வொருவரும் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதியதைச் சரியாகச் செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இரவு 2 மணிக்கு அலாரம் அடிக்கிறது. பாதுகாவலருக்குச் சத்தம் கேட்கிறது. அவருடைய பட்டியலில் அது இல்லை. துப்புரவாளருக்குத் தொட அனுமதி இல்லை. தொழில்நுட்பர் காலை 8 மணிக்குத்தான் வருவார். ஒப்பந்தங்களுக்கு நடுவில் உள்ள இந்தச் சந்துதான் ஆபத்தான இடம். சிக்கனம் என்ற பெயரில் மிகக் குறைந்த விலைக்கு டெண்டர் கொடுக்கும்போது முதலில் வெட்டப்படுவது பயிற்சியும் இரவு ஷிப்டும்தான்.

சம்பளத்தைப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். துப்புரவிலும் காவலிலும் பலருக்கு அந்த அடிமட்டமே கூரையாகவும் இருக்கிறது. சிங்கப்பூரில் 2014 செப்டம்பரிலிருந்து துப்புரவு நிறுவனங்கள் உரிமம் பெறப் படிப்படியான சம்பள முறையைப் பின்பற்றியாக வேண்டும். பயிற்சி பெற்றால் பதவியும் சம்பளமும் ஏற வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதிலும் குறைகள் உண்டு. ஆனாலும் துப்புரவு வேலைக்கு ஏணி உண்டு என்று ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். மலேசியாவில் அந்த ஏணியைத் தொழிலாளி தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏணி இல்லாமல் இல்லை. எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகா வழங்கும் ‘சார்ஜ்மேன்’ தகுதிச் சான்றிதழ், குறைந்த மின்னழுத்தத்துக்கு ஒரு வகை, உயர் மின்னழுத்தத்துக்கு ஒரு வகை என்று படிப்படியாக உள்ளது. பெரிய கட்டடங்களில் தகுதி பெற்ற சார்ஜ்மேன் இருப்பது சட்டத்தின் தேவை. விரும்பினால் வைத்துக்கொள்ளும் ஆள் அன்று. செம்பனை ஆலையில் ‘போய்லர்மேன்’ வேலை பார்த்த அப்பாக்களின் பிள்ளைகளுக்கு நீராவியும் அழுத்தமும் புதிதல்ல. ஆய்வுக்கூடத்தில் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், 121 டிகிரியில் அழுத்த நீராவியால் இயங்குவது. வீட்டுக் குக்கரின் பெரிய அண்ணன். அதுவும் முறையான பரிசோதனை பெற்றே ஓட வேண்டும். எஸ்.பி.எம். முடித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களுக்குக் குளிரூட்டல், மின்பணி போன்ற துறைகளில் திறன் சான்றிதழ்ப் படிப்புகள் உள்ளன. டாக்டர், வழக்கறிஞர் என்ற கனவுக்கு அடுத்தபடியாக வீட்டில் பேசவேண்டிய வேலைகள் இவை. ஆய்வுக்கூடம், மருந்துத் தொழிற்சாலை, சில்லு தயாரிக்கும் ஆலை, தரவு மையம் என்று எங்கே போனாலும் இந்த ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

ஆனால் சான்றிதழில் எழுதாத ஓர் அறிவும் இருக்கிறது. எந்த வால்வு இறுகிப்போயிருக்கிறது, மழைக்காலத்தில் எந்தச் சுவரோரம் ஒழுகும், எந்த ஜென்செட் இரண்டாவது முயற்சியில்தான் ஓடும் என்பதெல்லாம் பல ஆண்டு அந்தக் கட்டடத்தில் நடந்தவருக்கு மட்டுமே தெரியும். அந்தப் பராமரிப்புப் பதிவேடு குத்தகையாளரின் சொத்தாக இல்லாமல் கட்டடத்தின் சொத்தாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். செலவு ஏதும் இல்லை. பழைய நிறுவனம் போய்ப் புதிய நிறுவனம் வரும்போது ஒரு மாதமாவது இரு தரப்பும் சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும் என்று இன்னொரு வரி.

இப்போது நடப்பது வேறு. குத்தகை முடிகிறது, புது நிறுவனம் வருகிறது. இடம் தெரிந்தவர்கள் வேண்டும் என்பதால் பல இடங்களில் பழைய தொழிலாளர்களையே மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள். சட்டையின் நிறம் மாறுகிறது, அடையாள அட்டை மாறுகிறது. ஆண்டு விடுப்பும் பணிக்காலமும் மட்டும் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன என்பது குத்தகைத் தொழிலாளர்கள் பல ஆண்டுகளாக எழுப்பிவரும் குறை. பத்தாண்டு அனுபவம் இருப்பதால்தான் அவரை மீண்டும் வேலைக்கு எடுக்கிறார்கள். சம்பளச் சீட்டில் அவர் புதிய ஆள்.